கல்யாணச் சாமானுக்குக் கட்டிய ரூ.2,40,000: முதலாளி இறந்ததும் கைவிரிக்கும் பாத்திரக் கடை

நேற்று மாலை அந்தக் கடையில் என்னிடம் பேசிய பேச்சை நினைத்தால் இன்னும் உடம்பு பதறுகிறது. ஆறப்போட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணச் சாமானுக்கு முன்பணம் கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கடைவீதியில் இரண்டு தலைமுறையாக நடக்கிற பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை என்று மட்டும் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு என் ஆத்தா சாமான் வாங்கியதும் அங்கேதான்.

மகளுக்கு வைகாசியில் கல்யாணம். எங்கள் பக்கம் சாமான் பரப்பி வைப்பதென்றால் நாலு பாத்திரத்தோடு முடிகிற காரியமில்லை. அண்டா, தவலை, குத்துவிளக்கு, அடுக்குகள், தூக்குவாளி என்று பட்டியல் நீளும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் இதற்கென்று எடுத்து வைத்திருந்தேன். ஆவணியில் பட்டியலோடு கடைக்குப் போனேன்.

முதலாளி என்னை உட்காரவைத்து மோர் வரவழைத்துக் கொடுத்தார். பட்டியலை வரி வரியாகப் படித்தார். “ஆச்சி, பித்தளை விலை நிற்கிற விலையாக இல்லை. முன்பணம் கட்டிவிடுங்கள், இன்றைய விலைக்கே நிறுத்தி வைக்கிறேன். வைகாசிக்கு ஒரு மாதம் முன்னால் வீட்டில் இறக்குவது என் பொறுப்பு” என்றார். நீண்ட நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, மகள் பெயரை எழுதி, ஒவ்வொரு உருப்படிக்கும் எடையும் விலையும் தன் கையாலேயே குறித்தார். குத்துவிளக்கு ஜோடியையும் பெரிய தவலையையும் அன்றைக்கே தேர்ந்தெடுத்தோம். பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு எங்கள் வீட்டு விலாச எழுத்துகளை என் கண்முன்னால் வெட்டச் சொன்னார். வெட்டி முடித்ததும் துணியால் துடைத்து, உள்கட்டில் தனியாக வைத்துவிட்டு, “இனி இது உங்கள் வீட்டுச் சொத்து, என் கடையில் இருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். அந்த மனிதர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். 1,50,000 ரூபாயை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். மீதி 90,000 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். மொத்தம் 2,40,000 ரூபாய். கடை முத்திரை வைத்த சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஐப்பசியில் அவர் திடீரென்று இறந்துபோனார். கேதம் கேட்கப் போனபோது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற இடமா அது? அவர் மனைவி என் கையைப் பிடித்து அழுதார், நானும் அழுதேன். காரியமெல்லாம் முடிந்து, கடை திறந்து, வியாபாரம் நடக்கத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சீட்டைக் காட்டினேன்.

மூத்த மகன் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். “ஆடிட்டர் கணக்குப் பார்க்கிறார், கொஞ்சம் பொறுங்கள் ஆச்சி.” பொறுத்தேன். அடுத்து, வாரிசுச் சான்றிதழ் வரவேண்டும் என்றார். அது வந்தபின், வெளிநாட்டில் இருக்கும் தங்கை வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார். தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்து, முகூர்த்த வியாபாரம் கடையில் கூட்டமாக நடந்தது. எனக்கு மட்டும் பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இளைய மகனைக் கேட்டால் அண்ணனைக் கேளுங்கள் என்கிறார். என் பட்டியலைப் பக்கத்தில் நின்று பார்த்த கணக்குப்பிள்ளை, என்னைக் கண்டதும் கிட்டங்கிக்குள் போய்விடுகிறார்.

நேற்று நேராகக் கேட்டேன். பணம் வேண்டாம், பேசியபடி சாமானைக் கொடுங்கள் என்றேன். அதற்கு மூத்தவர் சொன்னது: “அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த நோட்டும் இல்லை. நீங்கள் பணம் போட்டது அவருடைய சொந்தக் கணக்கில். இப்போது இது என் பெயரில், புது ஜி.எஸ்.டி. எண்ணில் நடக்கிற கடை. அவர் வாங்கியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?”

உள்கட்டில் என் குத்துவிளக்குகள் இருக்கின்றன, எங்கள் எழுத்து வெட்டியிருக்கிறது, அதையாவது பாருங்கள் என்றேன். “பெயர் வெட்டினால் உங்களுடையதாகிவிடுமா? எடுத்துச் சுரண்டிவிட்டால் போகிறது” என்றார். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே கல்லா, அதே தராசு, அதே அலமாரி, அப்பா வாங்கிப் போட்ட அதே சரக்கு. அவ்வளவும் அவருக்கு வேண்டும். என் 2,40,000 ரூபாய் மட்டும் அப்பாவோடு போய்விட்டதாம்!

சிவகங்கையில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபின்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பானது. கடை ஒருவர் பெயரில் மட்டும் நடக்கிற தனியுரிமை வியாபாரமாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் கடை வேறு, முதலாளி வேறு கிடையாது. சொந்தக் கணக்கில் போட்டாலும் கடைக் கணக்கில் போட்டாலும் கடன்பட்டவர் ஒருவரே. அவர் இறந்தால் கடன் ஒழிவதில்லை. அவர் விட்டுப்போன சொத்து யார் கைக்குப் போகிறதோ, அந்தச் சொத்தின் மதிப்பு அளவுக்கு அவர்கள் பதில் சொல்லவேண்டும். பிள்ளைகள் தாங்களே சம்பாதித்ததைத்தான் தொடமுடியாது. 1908ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. புது எண் வாங்கிவிட்டேன் என்பதெல்லாம் விவரம் தெரியாதவர்களை விரட்டுகிற பேச்சு. காவல் நிலையத்தில் இதை சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் வக்கீல் சொன்னார், இதைக் கவனியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். பணத்துக்காக சிவில் வழக்குப் போடுவதற்குப் பொதுவாக மூன்று வருடம். ‘தை பிறக்கட்டும், தங்கை வரட்டும்’ என்று அவர்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் இந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது. இறந்தவர் வீட்டை நெருக்கக்கூடாது என்று நாம் காட்டுகிற பண்பை, இந்த மாதிரி ஆட்கள் நாள் கடத்தப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். எங்கள் உறவிலேயே சிலர், “செத்தவரோடு போகட்டும், விட்டுவிடு” என்கிறார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் வகுப்பறையில் சாக்பீஸ் தூளில் நின்று சேர்த்த பணம். ஏன் விடவேண்டும்? அந்த வீட்டுத் துக்கத்தில் நான் குறுக்கே நிற்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவரிடம்தான் கேட்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் மனைவி, மகன்கள், மகள் எல்லார் பெயருக்கும் இன்று போகிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே புகார்க் கட்டணமே கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்க 1987ஆம் வருடத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வக்கீல் செலவுக்குப் பயந்து வீட்டில் இருக்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னவெல்லாம் செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்த 90,000 ரூபாய்க்கு என்னிடம் அந்தச் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை முன்பணம் வாங்கினால் ரசீது வவுச்சர் தரவேண்டும் என்பது சட்டம், முத்திரைச் சீட்டோடு அனுப்பப் பார்த்தால் வவுச்சரைக் கேட்டு வாங்குங்கள். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் அது தனி ஆள் கடையா, கூட்டு நிறுவனமா என்று வந்துவிடும். நோட்டில் எழுதுகிற பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வெட்டிய சாமானை அன்றைக்கே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அந்தக் கடையில் வைகாசி, ஆனி முகூர்த்தத்துக்கு முன்பணம் கட்டியவர் நான் ஒருத்தி மட்டும் இருக்கமாட்டேன். உங்களிடமும் அதே முத்திரைச் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள், ‘பார்க்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். சேர்ந்து புகார் கொடுக்க நான் தயார்.