புல்லட் டேங்க் கசிவு: பற்றவைத்து, உள்பூச்சு பூசி, சில வருஷம் ஓட்டிய பிறகு

என்னுடையது 1987 மாடல் புல்லட் 350, திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய வார்ப்பிரும்பு என்ஜின் வண்டி. அதன் பெட்ரோல் டேங்கில் 2020-ல் ஓட்டைகளைப் பற்றவைத்து, உள்ளே எபாக்ஸி என்ற பிசின் பூச்சு பூசினேன். இன்றுவரை ஒழுகவில்லை. பூசிய கையோடு எழுதப்படும் அனுபவங்களை நான் நம்புவதில்லை. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து எழுதுகிறேன்.

புல்லட் டேங்க் துருப்பிடிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சேஸிஸ் குழாய்க்கு இரண்டு பக்கமும் கீழிறங்கும் பள்ளங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் உள்ளே போகும் ஈரம் அங்கேதான் தங்கும். சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்தே நிறுத்துகிறோம், ஆக இடது பள்ளத்துக்குப் பாதிப்பு அதிகம். மூடி வாஷர் கெட்டிருந்தால் மழைநீர் இறங்கும். வாஷர் நன்றாக இருந்தாலும், அரை டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் உள்காற்றின் ஈரமே வியர்த்து வழியும். வெளியே ஊசிமுனை அளவு தெரிந்தால் சுற்றிலும் தகடு மெலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியிலிருந்து அடைத்துப் பயனில்லை.

வழியில் ஒழுகினால் துணி சோப்பை அழுத்தித் தேய்க்கும் பழைய வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும். சோப்பு பெட்ரோலில் கரையாது. மழையில் கரையும், எனவே வீடு வந்து சேரும்வரைதான். பட்டறையில் வெளியே அப்பி அடைக்கும் எபாக்ஸி பசையும் நிரந்தரமல்ல. பெட்ரோல் கசியும் தகட்டில் அது பிடிக்கவே பிடிக்காது.

என் டேங்குக்குள் ஏற்கெனவே யாரோ ஒரு வெள்ளை லைனர் (உள்பூச்சு) ஊற்றியிருந்தார்கள், துருவின் மேலேயே. அது பாலாடைபோல உரிந்து, துண்டு துண்டாகப் பெட்ரோல் காக் எனும் திறந்து மூடும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. மொத்த வேலையில் கஷ்டமானது அதை எடுப்பதுதான். அசிட்டோன் ஊற்றி ஊறவைத்து, கம்பியால் சுரண்டி, மறுபடி ஊறவைத்து... பழைய பூச்சு உள்ள டேங்க் என்றால் பட்டறைக்காரர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

துருவை எடுக்க மின்பகுப்பு முறை, அதாவது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது. பெட்ரோல் வாசம் போகும்வரை வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவிய பிறகே இதில் இறங்க வேண்டும். டேங்க் நிறையத் தண்ணீர், அதில் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் டேங்கில், பிளஸ் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி டேங்கில் எங்கும் படக்கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வரும். ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். இரண்டும் வேண்டாம். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். சில இடங்களில் கழிவறை ஆசிட் ஊற்றுகிறார்கள். அது நல்ல தகட்டையும் தின்னும், கழுவி முடிப்பதற்குள் புதுத் துருவும் படரும்.

வெல்டிங்கை நானே செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். டேங்க் வேலை தெரிந்தவர் எத்தனை முறை கழுவியிருந்தாலும் தானும் ஒருமுறை கழுவுவார். ஓட்டைப் பக்கம் மேலே வருமாறு வைத்து, ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் நெருப்பைக் காட்டுவார். மெல்லிய தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை பெரிதாகும் என்று சொல்லி, அவர் கேஸ் சுடரில் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். அப்புறம் பற்றவைக்கும்போது போட்ட வெண்காரத்தின் மிச்சம் கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும், அதை வெந்நீரில் முழுக்க எடுத்துவிட வேண்டும். அதன்மேல் எந்தப் பூச்சும் நிற்காது. சோதனைக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, வாயால் ஊதினால் போதும். கம்ப்ரஸர் வைத்தால் டேங்க் உப்பிவிடும்.

கடைசியில் பாஸ்போரிக் ஆசிட், அசிட்டோனில் அலசல், காயவைத்தல், பிறகு இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி. எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். அப்போது அது கூடுதல் எச்சரிக்கையாகத்தான் பட்டது. 2022-ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால், 2023 முதல் படிப்படியாக 20 சதவீதம் என்று வந்தபோது அந்த வரியின் அருமை தெரிந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில பழைய பூச்சுகளை ஊறவைத்து உப்பச் செய்யும். பூசியதும் மிச்சத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க வடிய விடுங்கள். தேங்கிய இடம் சரியாக இறுகாது. மழைக்காலத்தில் இந்தப் பூச்சு வேலையைத் தொடவே வேண்டாம். பூச்சு இறுக ஒரு வாரமாவது விட்டேன்.

இப்போதைய நிலை: பற்றவைத்த இடங்கள் உறுதி. பெட்ரோல் காக்கின் வலை சுத்தமாக வருகிறது. பள்ளங்களில் டார்ச் அடித்துப் பார்த்தால் பூச்சு பழுத்த மஞ்சளாகியிருக்கிறது, உரியவில்லை. குறை ஒன்று உண்டு. பெட்ரோல் பங்கில் குழாய் முனை இடிக்கும் இடத்தில், டேங்க் வாய்க்குச் சற்றுக் கீழே, பூச்சு பெயர்ந்து மெல்லிய துருக்கோடு தெரிகிறது. இனி முனையை இடிக்காமல் பிடிக்கச் சொல்கிறேன். சொன்னால் சிலர் முறைக்கிறார்கள்.

இன்னொரு நஷ்டம், கேஸ் சூட்டில் பழைய பெயின்ட் போனது. புல்லட் டேங்கின் தங்கக் கோடுகள் ஆலையிலேயே கையால் வரையப்பட்டவை. ஸ்டிக்கர் ஒட்ட மனம் வரவில்லை, கறுப்போடு விட்டிருக்கிறேன்.

டேங்கின் அடிப்பகுதி முழுவதும் அரித்திருந்தால் இந்த வேலையெல்லாம் வீண், மாற்று டேங்க் தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கலாம். வாங்குமுன் வாய்வழியாக டார்ச் அடித்து இடது பள்ளத்தைப் பாருங்கள்.