ஆர்சிசிபி விழுந்தால் மட்டும் போதாது, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று அளந்து காட்டினார்கள்

சிங்கப்பூரில் அங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை அப்பா 1982-ல் வாங்கினார். கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. புது வீடுகளுக்கு அது கட்டாயமானது 1985 ஜூலையில்தான், அதனால் எங்கள் வீட்டில் அது கிடையாது, 2001-ல் அப்பாவே ஆள் வைத்து ஒன்றைப் போட்டார். 2025 ஜூலை 1-க்குள் பழைய வீடுகளிலும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் சொன்னபோது, அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் அமுக்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

போன மாதம் அம்மா ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டுவிட்டு "சுருக்குன்னு இழுக்குதுடா" என்றார். ஆர்சிசிபி விழவில்லை. அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு இந்த எலக்ட்ரீஷியன் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டேன்.

வந்தவர் நம் ஆள்தான், லைசென்ஸ் அட்டையைக் கேட்காமலே காட்டினார். நான் போய் டெஸ்ட் பட்டனை அமுக்கப் போனேன், "இருங்க தம்பி, அதை இப்ப தொடாதீங்க" என்று கையைத் தடுத்தார். ரொம்ப நாள் அசையாமல் கிடந்த ஆர்சிசிபி உள்ளே இறுகிப் போயிருக்கும், பட்டனை ஒரு தடவை அமுக்கினால் இளகிவிடும், அப்புறம் அளந்தால் நல்ல கணக்குதான் வரும் என்றார். மீட்டரை பிளக் பாயின்ட்டில் செருகி 30 மில்லி ஆம்பியர் விட்டார். 346 மில்லி விநாடி. 300-க்குள் விழுந்திருக்க வேண்டும். மறுபடி விட்டார், 190. அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. ஷாக் அடிக்கும்போது முதல் தடவைதானே கணக்கு.

இதயம் ஒரு முறை துடிக்க ஏறக்குறைய 0.8 விநாடி ஆகிறது, அதைவிட நீண்ட நேரம் உடம்பில் கரண்ட் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்து பல மடங்கு கூடும், அதனால்தான் நேரத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கே புரிகிற மாதிரி சொன்னார். 230 வோல்ட் பிளக் பாயின்ட்டில் பழுது வந்தால் ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பின் விதிப்படி 0.4 விநாடிக்குள் கரண்ட் துண்டாக வேண்டும், எர்த் அமைப்பு வேறு மாதிரி இருந்தால் 0.2 விநாடிதானாம்.

அம்மாவுக்கு அடித்ததற்குக் காரணம் வேறு. நாலு வருஷத்துக்கு முன் சமையலறையைப் புதுப்பித்தவர்கள் வாஷிங் மெஷினுக்கு பாயின்ட் இழுத்தபோது எர்த் வயரை இணைக்கவே இல்லை. மூடியைக் கழற்றியதும் பச்சை மஞ்சள் வயர் டேப் சுற்றி மடக்கி வைத்தபடி கிடந்தது. பார்த்ததும் கை நடுங்கியது. எர்த் இருந்தால் கசிவு அந்த வழியாகப் போகும், பழுது பெரிதானால் யாரும் தொடும் முன்பே பிரேக்கர் விழும். இல்லாததால் அம்மாவின் கைதான் வழி. அவ்வளவு சின்னக் கசிவுக்கு நல்ல ஆர்சிசிபிகூட விழாது. வயரை இணைத்ததும் எர்த் வழியை அளந்தார், 0.8 ஓம். அதாவது பழுது வந்தால் 280 ஆம்பியருக்கு மேல் ஓடும், அந்த லைனில் இருக்கும் பிரேக்கர், அதாவது 20 ஆம்பியர் பி டைப் எம்சிபி, உடனே விழ 100 ஆம்பியரே போதும்.

புது ஆர்சிசிபி மாட்டியதும் மறுபடி அளந்தார். 30 மில்லி ஆம்பியரில் 26 மில்லி விநாடி, ஐந்து மடங்கில், அதாவது 150-ல், 13. அங்கே 40 வரைதான் அனுமதி. எல்லா எண்ணையும் தாளில் எழுதி, ஸ்விட்ச்கள் இருக்கும் டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் தேதியோடு ஒட்டிவிட்டுப் போனார்.

குறை என்றால், சொன்ன நேரத்துக்கு 40 நிமிஷம் பிந்தி வந்தார்கள், ஒரு போன்கூட இல்லை. எல்லாம் சேர்த்து 240 வெள்ளி, அது அதிகமாகத் தெரியவில்லை. பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று போகிற ஆள் இன்னும் குறைவாகக் கேட்பார், ஆனால் அந்த 346 யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஈசூனில் அக்கா வீட்டு ஆர்சிசிபியும் பழசு, வரும் சனிக்கிழமை அங்கேயும் இவரையே வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பட்டனைத் தொடாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.