கேக் துண்டு நடுவில் வந்தால்: 16:8, 5:2, ஒரே வேளைச் சாப்பாடு, எது தாங்கும்?

இரவு 9.40. எடை குறைக்க விரதம் இருந்த நாட்கள், என் சாப்பாட்டு நேரம் 8 மணியோடு முடிந்திருந்தது. தண்ணீர் எடுக்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில், முதல் நாள் வெட்டிய கேக்கில் ஒரு பெரிய துண்டு மீதி. ஓரத்து கிரீமை விரலால் வழித்தேன். அப்புறம் ஸ்பூன் வந்தது. 9.55-க்குத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், எதுவும் நடக்காத மாதிரி.

அந்தத் துண்டில் 400 கலோரி இருந்திருக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுவாகப் போடும் கணக்கு. ஆக, நான் தின்றது ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு. அது பெரிய விஷயமே இல்லை. "போச்சு, இந்த வாரமே போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று மனசு சொன்னதே, அதுதான் பெரிய விஷயம். அன்று வியாழன். வியாழன் இரவிலிருந்து திங்கள் காலைவரை ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிட முடியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து விரத முறைகளை நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: அந்தக் கேக் துண்டு குறுக்கே வந்தால் இந்த முறை என்ன ஆகும்?

வேகத்தை வைத்து ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்கலாம். வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிகாகோவில் 100 பேரை வைத்து நடந்த ஓராண்டு ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் (விரத நாளில் கொஞ்சம் மட்டுமே சாப்பாடு) இருந்தார்கள், இன்னொரு பிரிவினர் தினமும் கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். எதையும் மாற்றாத மூன்றாவது பிரிவோடு ஒப்பிட்டபோது, விரதக்காரர்கள் 6 சதவீதமும் கலோரிக்காரர்கள் 5.3 சதவீதமும் எடை குறைந்திருந்தார்கள். ஏறக்குறைய சமம். 2022-இல் சீனாவின் குவாங்சோ ஆய்வில் 139 பேருமே கலோரியைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிட்டார்கள். ஓராண்டில் அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ. கேட்க வித்தியாசம் போல இருந்தாலும், புள்ளியியல்படி அதைத் தற்செயல் என்றே ஒதுக்க வேண்டியிருந்தது.

16:8

பெரும்பாலானோர் தொடங்கும் இடம் இது. 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, மீதி 16 மணி நேரம் தண்ணீர், பால் சர்க்கரை இல்லாத காப்பி, டீ. முதல் வாரம் வழக்கமான காலைச் சாப்பாட்டு நேரத்தில் வயிறு கத்தும். பசி அலை அலையாக வருவது. ஏறும், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் நாம் பழக்கிய நேரத்துக்குத்தான் தலைதூக்கும். நேரத்தை மாற்றினால் சில நாளில் அதுவும் மாறிவிடுகிறது. எனக்குப் பத்து நாள் ஆனது.

ஆனால் 16:8 தானாக எடையைக் குறைக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 116 பேர் 12 வாரம் கலந்துகொண்டார்கள். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் 0.94 கிலோ குறைந்தார்கள், மூன்று வேளையும் சாப்பிட்டவர்கள் 0.68 கிலோ. மூன்று மாதப் பட்டினிக்குக் கிடைத்த லாபம் கால் கிலோ. 8 மணி நேரம் என்பது ஒரு நாள் சாப்பாடு முழுவதையும் தாராளமாக அடக்கும் நேரம்தானே.

கேக் சோதனையில் மட்டும் இது நன்றாகத் தேறுகிறது. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டாயிற்றா? சரி, நாளை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு நாள் 12:12 ஆகட்டும். கணக்கு கொஞ்சம் நகர்கிறதே தவிர அறுவதில்லை.

5:2

வாரத்தில் ஐந்து நாள் வழக்கமான சாப்பாடு. இரண்டு நாள் பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 600 கலோரி. மைக்கேல் மோஸ்லி என்ற மருத்துவரும் தொலைக்காட்சியாளருமான பிரிட்டன்காரர் 2012-இல் பிபிசி ஆவணப்படம் வழியாகப் பரப்பியது. 500 கலோரி என்றால் எவ்வளவு தெரியுமா? இரண்டு அவித்த முட்டை, ஒரு ஆப்பிள், ஒரு கப் தயிர், கொஞ்சம் காய். அவ்வளவுதான். மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தால் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த டிபன் மாதிரி இருக்கும்.

தினமும் கணக்குப் பார்ப்பதை வெறுப்பவர்களுக்கு இது வரம். சிக்கல், ஒத்திப்போடுவது. செவ்வாய்க்கிழமை கேக் வந்தால் விரதம் புதனுக்குப் போகும். புதனன்று விருந்தாளி வந்தால் வெள்ளிக்கு. வெள்ளிக்கிழமை யார் விரதம் இருப்பார்கள்? எந்த நாளையும் நாம் உடைத்ததாகவே தோன்றாது. வாரம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள்

சிகாகோ ஆய்வில் விரதப் பிரிவிலிருந்து 38 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள். தினமும் கலோரி குறைத்தவர்களில் 29 சதவீதம். அதைவிட எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. நீடித்தவர்கள் விரத நாளில் சொன்னதைவிட அதிகமாகவும், சாப்பாட்டு நாளில் சொன்னதைவிடக் குறைவாகவும் சாப்பிட்டார்களாம். மேடு பள்ளத்தைத் தாங்களே நிரவிக்கொண்டு, தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடும் ஆட்களாக மெல்ல மாறிவிட்டார்கள்.

ஒரே வேளை

இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாளுக்குத் தேவையான புரதம், காய்கறி எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் சாப்பிடுவது கஷ்டம். கேக் வந்தால் நாளே இரண்டாக உடையும். நடுவாந்தரமாக நிற்க இதில் இடமில்லை. இதற்கு ஆதரவாக ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரியைச் சிலர் இழுப்பார்கள். 1965-66-இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்தவர். அவருக்கு ஆரம்ப எடையே 200 கிலோவுக்கு மேல், முழுக்க மருத்துவக் கண்காணிப்பு வேறு. நமக்கு என்ன சம்பந்தம்?

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், முன்பு உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவுமீறித் தின்பது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்கள், மேலே சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எடை மெஷினா, அளவு நாடாவா?

உற்சாகம் வடிவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வாரத்தில் எனக்கு இரண்டரை கிலோ இறங்கியது. ஊரெல்லாம் சொன்னேன். அதில் பெரும்பங்கு தண்ணீர். உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர், அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. கையிருப்பு கரைந்ததும் அதுவும் வெளியேறும். அடுத்த 17 நாள் முள் அசையவில்லை. இரவில் உப்பான சாப்பாடு சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ ஏறியும் நின்றது. அதே 17 நாளில் தொப்புளைச் சுற்றிய அளவு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மெஷினை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

இலக்கையும் முதல் வாரத்தை வைத்துப் போடக்கூடாது. தினமும் 500 கலோரி குறைத்தால் காகிதத்தில் வாரம் அரை கிலோ இறங்க வேண்டும். உடல் சிறுக்கச் சிறுக்க அதன் தேவையும் குறைவதால் நடப்பில் வேகம் தேய்ந்துகொண்டே வரும். ஆரம்ப எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்கிறது மருத்துவம். 80 கிலோ ஆளுக்கு அது 4 கிலோ. கேட்கச் சப்பென்றுதான் இருக்கிறது.

இப்போது நான் இருப்பது 14:10. வாரத்தில் ஐந்து நாள்தான், சனி ஞாயிறு நேரம் பார்ப்பதில்லை. ஞாயிறு காலை எடை, மாதம் ஒருமுறை நாடா. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. நேரத்தை மீறிய நாளில் பெருக்கல் குறி போடுவேன். போன மாதம் ஆறு குறி. எந்த இரண்டும் அடுத்தடுத்த நாளில் விழவில்லை.