213 ரோல், 4 பழைய கேமரா

என் நோட்டில் கடைசியாக ஏறியிருக்கும் எண் 213. கேமராவில் ஃபிலிம் ரோல் போடும்போதே அதற்கொரு எண் கொடுத்து, எந்தக் கேமரா, எந்த ஃபிலிம், மீட்டரை (வெளிச்சம் அளக்கும் கருவி) எத்தனை ஐஎஸ்ஓவில் (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகத்தின் எண்) வைத்தேன் என்று எழுதிவிடுவேன். இது பிறவி ஒழுக்கம் இல்லை. நோட்டு 12வது ரோலில்தான் தொடங்குகிறது. காரணம் 11வது ரோல்.

அந்த ரோலில் எண்காட்டி 36ஐத் தொட்ட பிறகும் நெம்புகோல் தடையே இல்லாமல் நகர்ந்தது. இவ்வளவு சுலபமாகப் போகக் கூடாதே என்று பின்கதவைத் திறந்தால், ஃபிலிமின் நாக்கு எதிர்ச் சுருளில் மாட்டவே இல்லை. மொத்த ரோலும் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. மூன்று நாள் அலைந்து எடுத்த ஒரு படமும் ஃபிலிமில் விழவில்லை. இப்போதெல்லாம் ரோல் போட்டதும் ரீவைண்ட் குமிழைத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுவேன். பிறகு நெம்புகோலை இழுக்கும்போது அந்தக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்ப்பேன். சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது என்று பொருள். பழைய கேமரா வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். லென்ஸ் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்.

இந்த 9 ஆண்டில் கையில் இருந்தவை நான்கு கேமராக்கள். முதலாவது பென்டாக்ஸ் கே1000, கூடவே 50எம்எம் எஃப்2 லென்ஸ். 1976 முதல் 1997 வரை தயாரித்த மாடல். அவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் அதில் எதுவுமே இல்லாததுதான். செல்ஃப் டைமர் கிடையாது. ஷட்டர் வேகம் வியூஃபைண்டருக்குள் தெரியாது. வலது ஓரத்தில் ஒரு முள் ஏறி இறங்கும், அதை நடுவில் நிறுத்தினால் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு, சரி. பேட்டரி அந்த முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் வேலை செய்யும். ஆனால் மீட்டரை அணைக்க சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் ஒரே வழி. நான் மூடியைத் தொலைக்கும் ஆள், ஆகவே முதல் ஆண்டில் பேட்டரிக்கு அழுதேன்.

இந்த மீட்டர் காட்சி முழுவதையும் சராசரி பார்க்கும். பாதிப் படத்தில் வானம் இருந்தால் ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், முகங்கள் கரியாகிவிடும். முதல் 20 ரோலில் என் படங்கள் மங்கலாகவும் பரல்பரலாகவும் (புள்ளி புள்ளியாக) வந்ததற்கு ஃபிலிமைத் திட்டினேன். குற்றம் வானத்துடையது. கேமராவைத் தரையை நோக்கிச் சாய்த்து அளவெடுத்து, பிறகு நிமிர்த்தி எடுக்கப் பழகியதும் அதே ஃபிலிம் திடீரென்று 'நல்ல ஃபிலிம்' ஆகிவிட்டது.

இரண்டாவது ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967இல் வந்து 1984 வரை விற்றது. பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் செல் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) முடிவு செய்யும். ஷட்டருக்கு இரண்டே வேகம், 1/40, 1/200. வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது. ஃபோகஸ் என்பது நான்கு சின்னங்கள், ஒரு தலையில் தொடங்கி மலையில் முடியும். தூரத்தை நாம்தான் கணிக்க வேண்டும். வாங்கியபோது இதை விளையாட்டுப் பொருள் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டினால் 213இல் 90 ரோல் இதில் ஓடியிருக்கிறது. சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிது, பைக்குள் போட்டால் கனம் தெரியாது, எடுத்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. கிட்டத்து முகங்களில் மட்டும் பத்துக்கு இரண்டு படமாவது எனக்கு ஃபோகஸ் தப்பும். அதோடு சமாதானமாகிவிட்டேன்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை நம்பும் ஒரு எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா). மாடல் எதற்கு? இரண்டு ஆண்டு அருமையாக உழைத்தது, ஒரு காலை சர்க்யூட் போனது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு இன்னொரு செத்த கேமரா கிடைத்தால் உறுப்பு எடுத்துப் பொருத்தலாம் என்றார். அலமாரியில் இருக்கிறது.

நான்காவது யாஷிகா மேட்-124ஜி. 120 என்ற அகலமான ஃபிலிமில் 12 சதுரப் படம். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், நடந்துபோகும் ஆளைத் தொடர நினைத்தால் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். இதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் அளவு தப்பும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி ஓரளவு ஒத்துவரும். நான் அந்த வம்பே வேண்டாமென்று ஃபோனில் இருக்கும் மீட்டர் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஐந்தாறு ரோல்தான் இதில் போகிறது. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று படமும் இதில் எடுத்தவை.

பராமரிப்பு என்று பார்த்தால் கதவு ஓரத்துப் பஞ்சுதான் எல்லாவற்றிலும் தொல்லை. வெளிச்சம் புகாமல் அடைக்கும் அந்தக் கறுப்புப் பஞ்சு காலப்போக்கில் தார் மாதிரி இளகிவிடும், படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கசிவு விழும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பல் குத்தும் குச்சியும் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பஞ்சு ஒட்டலாம், ஒரு மாலை வேலை. லென்ஸில் பூஞ்சை வேறு கதை. அது கண்ணாடியின் பூச்சைத் தின்ற பிறகு துடைத்தும் பயனில்லை. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்கிறேன். அதைவிட நல்ல மருந்து அடிக்கடி வெளியே எடுத்துப் புழங்குவது.

இனி ஃபிலிம். இங்கேதான் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கலர் நெகட்டிவ் ஃபிலிம்களுக்குள் நாம் பேசும் 'நிற வித்தியாசத்தில்' பெரும்பங்கு ஃபிலிமுடையது இல்லை, ஸ்கேன் செய்தவருடையது.

58வது ரோல் கோடாக்கின் கலர் நெகட்டிவ் ஃபிலிமான போர்ட்ரா 400. அதை ஒரு லேபில் கழுவி ஸ்கேன் வாங்கினேன், மஞ்சள் பூத்த இளஞ்சூடான நிறம். அதே நெகட்டிவ்வை இன்னொரு லேபில் கொடுத்தேன், நீலம் கலந்த குளிர்ந்த நிறம். மூன்றாவதாக வீட்டில் லைட் பேட் மேல் வைத்து டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து நிறங்களைத் தலைகீழாக்கினேன், இரண்டிலும் சேராத ஒன்று வந்தது. கலர் நெகட்டிவ்வில் ஆரஞ்சுத் திரை ஒன்று இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு நிறங்களைத் தலைகீழாக்கும்போது நடுநிலை எது என்று ஒரு ஆளோ மென்பொருளோ முடிவெடுத்தாக வேண்டும். 'போர்ட்ரா தோல் நிறம்' என்று நாம் ரசிப்பதில் அந்த முடிவும் கலந்திருக்கிறது.

அதே ரோலின் கடைசிப் படங்களில் ஒரே முகத்தை 2 ஸ்டாப் குறைவிலிருந்து 3 ஸ்டாப் கூடுதல் வரை எடுத்திருந்தேன். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைத்தால் பாதி. 3 கூடுதலில்கூட முகம் முகமாக இருந்தது. 2 குறைவில் நிழல் முழுக்கச் சேற்றுப் பச்சை. அதிலிருந்து 400 கலர் நெகட்டிவ் எதுவானாலும் மீட்டரை 200இல் வைக்கிறேன், அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல். ஃபிலிமை மாற்றி மாற்றி வாங்கியதைவிட இந்த ஒரு பழக்கம் என் படங்களை அதிகம் மாற்றியது.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. எக்டார் 100இல் பரல் மிக நுண்மை, நிறம் அடர்த்தி. வெளிச்சம் குறைந்தால் நிழல் நீலமாகும், முகங்கள் எனக்குக் கொஞ்சம் சிவந்தே வருகின்றன. கட்டடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கோடாக் கோல்டு 200 வெயிலுக்கு நல்ல துணை, நிழலான வீட்டுக்குள் தவிக்கும். சினிமா ஃபிலிமை மாற்றிச் செய்த சினிஸ்டில் 800டியில், அந்த ஃபிலிமின் பின்னால் இருக்கும் ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு இல்லாததால் இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். முதல் ரோலில் வாய் பிளந்தேன். மூன்றாவது ரோலில் எல்லாப் படமும் ஒரே படமாகத் தெரிந்தது.

ஸ்லைடு ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு, கழுவியதுமே படம் நேரான நிறத்தில் தெரியும். கோடாக் 2012இல் நிறுத்திவிட்டு 2018இல் திரும்பக் கொண்டுவந்த எக்டாக்ரோம் ஈ100இல் நான்கு ரோல் எடுத்தேன். அரை ஸ்டாப் தப்பினாலே தண்டனை. கே1000 மீட்டரை நம்பி எடுத்த முதல் ரோலில் 36க்கு 9 தேறியது. ஆனால் அந்த 9ஐ வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தபோது நடுவில் ஸ்கேனர் இல்லை, யாருடைய முடிவும் இல்லை. ஃபிலிமின் நிறத்தைப் பேச வேண்டுமானால் ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு பெரிய சண்டை, கோடாக்கின் ட்ரை-எக்ஸா, இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸா என்பது. இரண்டும் ஐஎஸ்ஓ 400. இரண்டையும் ஒரே டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) கழுவி, பத்துப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயர் எழுதிக் கலைத்துவிட்டுக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். அதன் பிறகு ஹெச்பி5 மட்டும்தான். ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்து 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது எனக்கு மனப்பாடம், வேறு காரணம் இல்லை. இன்னொரு கறுப்பு வெள்ளை ஃபிலிமான ஃபோமாபான் 400ஐ 200 என்று வைத்தே எடுக்கிறேன். டப்பாவில் போட்டிருக்கும் வேகத்தை நம்பியபோதெல்லாம் நிழல் காலியாக வந்தது.

கறுப்பு வெள்ளை கழுவுவதை எந்த வீட்டிலும் செய்யலாம். ஃபிலிமை வெளிச்சம் புகாத கழுவும் டேங்கில் ஏற்றும்வரைதான் இருட்டு தேவை. 41வது ரோலில் பேச்சுச் சுவாரஸ்யத்தில் டெவலப்பருக்கு முன் ஃபிக்சரை (படமாகாத வெள்ளியைக் கரைக்கும் ரசாயனம்) ஊற்றிவிட்டேன். கண்ணாடி போலத் துப்புரவான ஃபிலிம் வந்தது, 36 படமும் போய்ச் சேர்ந்தன. இப்போது பாட்டில்களில் 1, 2, 3 என்று பெரிதாக ஒட்டியிருக்கிறேன். கலருக்கான சி-41 வேலையும் கடினமில்லை, ஆனால் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி, அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் பாடு. ஆறு ரோல் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கலர் லேபுக்குத்தான் போகிறது.

விமான நிலையங்களில் இப்போது வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுக்கும். பழைய எக்ஸ்ரே மாதிரி 'ஒரு தடவைதானே' என்று விட முடியாது. ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக எடுத்துச் சென்று கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியே பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். 1 விநாடி உண்மையிலேயே ஒரு விநாடி ஓட வேண்டும், மெதுவான வேகங்கள்தான் முதலில் மக்கர் செய்யும். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி வலையாகத் தெரியும். ட்ரிப் 35 என்றால் லென்ஸைக் கையால் முழுதாக மூடிக்கொண்டு அழுத்துங்கள், சிவப்புக் கொடி வர வேண்டும். பிறகு வெளிச்சத்தில் காட்டி அழுத்துங்கள், அப்போதும் கொடியே வந்தால் செல் இறந்துவிட்டது என்று வைத்துவிட்டு வாருங்கள். விற்பவர் 'ஃபிலிம் போட்டால் சரியாகிவிடும்' என்பார். ஆகாது.