வண்டியை எங்கே நின்று எண்ணுவது: ஆர்.டி.ஓ. ஆபீஸா, டோல்கேட்டா, ரோட்டோரமா?

ரோட்டில் எந்த வண்டி பெருகுகிறது, எது குறைகிறது என்று கேட்டால் மூன்று இடத்திலிருந்து மூன்று பதில் வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி ரோடுகளில் வைத்துப் பார்த்தால் எந்தப் பதில் எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஆர்.டி.ஓ. பதிவு. 1951-இல் நாடு முழுக்கப் பதிவான மோட்டார் வாகனங்கள் சுமார் 3 லட்சம். 2020-இல் 32 கோடிக்கு மேல். அதில் நான்கில் மூன்று பங்கு டூவீலர். நீண்ட காலப் போக்குக்கு இது சரி. ஆனால் பிறப்பை மட்டும் ஒழுங்காக எழுதி, இறப்பை அரைகுறையாக எழுதும் பேரேடு இது. காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த மொபெட் பலவும் இதில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அப்புறம், டி.என். 24 கிருஷ்ணகிரி, 29 தருமபுரி, 70 ஓசூர் என்பதெல்லாம் வண்டி பிறந்த ஊர்தான், ஓடுகிற ஊர் இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளில் நாகாலாந்து, ராஜஸ்தான், கர்நாடகா நம்பர்கள் எத்தனை!

டோல்கேட் கணக்கு இதைவிடக் கெட்டி. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் கார், பஸ், இரண்டு அச்சு லாரி, மூன்று அச்சு லாரி என்று வகை பிரித்து, நேரத்தோடு பதிவாகிறது. தொலைதூரச் சரக்குப் போக்குவரத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குறை என்ன? டூவீலருக்குக் கட்டணம் இல்லை, டிராக்டருக்கும் இல்லை. அதனால் கணக்கிலும் இல்லை. 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அவர்களை விட்டுவிட்டு என்ன போக்குவரத்துக் கணக்கு? போதாததற்கு, தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற வண்டி கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கமே வராது.

மிச்சமிருப்பது பழைய முறை: ரோட்டோரம் ஆளை உட்கார வைத்து, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. இப்போது கேமராவும் வந்துவிட்டது. ரோடுகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி வருஷத்துக்கு இரண்டு முறை, ஏழு நாள் தொடர்ந்து, இரவு பகலாக எண்ண வேண்டும்; ஒன்று அறுவடைக் காலத்தில், இன்னொன்று மந்தமான மாதத்தில். நம் பக்கம் இது ரொம்ப முக்கியம். மே, ஜூனில் மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிப் போகும் டிராக்டரும் ‘சின்ன யானை’ மினி லாரியும் ஜனவரியில் எண்ணினால் எங்கே கிடைக்கும்?

இந்தக் கணக்கில் தலை எண்ணுவதோடு விடுவதில்லை, ரோட்டில் பிடிக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். பேராயத்தின் கிராமச் சாலை அளவுப்படி கார் 1, பைக் 0.5, லாரி அல்லது பஸ் 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5. அதாவது சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ஒரு டிராக்டர் ஒன்பது பைக்குக்குச் சமம். அதன் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்கு ஒன்பது என்பதே குறைவாகத் தோன்றும்.

செலவு பிடிக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு எண்ணுகிறவருக்குக் கண் சொக்கும். இருந்தாலும் பென்னாகரம், அரூர் ரோடுகளை அகலப்படுத்துவதா, டவுன் பஸ் கூட்டுவதா என்று முடிவெடுக்க எனக்கு இந்தக் கணக்குதான் வேண்டும். தொப்பூரில் லாரிக்கென்று ஏதாவது கட்டுவதானால் டோல்கேட் கணக்கு போதும். ஆர்.டி.ஓ. பதிவு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைக்கிறவருக்கு உதவும்.