'சுகர் ஃப்ரீ' என்ற மூடியை நம்பாதீர்கள்: எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு எச்சரிக்கை

கேஸ்ட்ரிக் பைபாஸ் முடிந்து நாலு மாதம் ஆனவருக்கு என்று சொல்லியே கேட்டு வாங்கிய சாக்லேட் பெட்டி. "சுகர் ஃப்ரீதான், தாராளமா சாப்பிடலாம்" என்று கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். நாலு துண்டு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, பிசைந்து, இரவு முழுக்கப் பேதி. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனால், "சர்க்கரை இல்லைன்னுதானே சொன்னோம்?" என்ற பதில்தான் கிடைத்தது. பணம் திரும்பவில்லை.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது 'ஸ்வீட்னர் 965'. அது மால்டிட்டால். சர்க்கரை போலவே உருகும், இறுகும், இனிப்பும் ஏறக்குறைய அதே அளவு. அதனால்தான் சாக்லேட் தயாரிப்பவர்களுக்கு அது பிடிக்கும். மால்டிட்டால் போன்ற 'சர்க்கரை ஆல்கஹால்' இனிப்பூட்டிகளுக்குப் பொதுப்பெயர் பாலியால். இந்தப் பெட்டியில் 100 கிராமுக்குப் பாலியால் 42 கிராம். ஒரு துண்டு 12 கிராம் என்றால், நாலு துண்டில் சுமார் 20 கிராம் மால்டிட்டால். ஆபரேஷன் செய்யாதவர்களிலேயே சிலருக்கு இந்த அளவு வயிற்றைக் கலக்கும்.

பைபாஸ் செய்தவருக்கு ஏன் இன்னும் மோசம்? இரைப்பையின் வெளிவாசலில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வால்வு வழியாகப் போகாமல், சாப்பிட்டது நேராகச் சிறுகுடலில் இறங்குகிறது. சரியாக உறிஞ்சப்படாத மால்டிட்டாலும், இன்னொரு பாலியாலான சார்பிட்டாலும் அங்கே தண்ணீரை இழுக்கும். மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கு அந்த வால்வு இருக்கிறது. ஆனாலும் இரைப்பை சீக்கிரம் காலியாவதால் அவர்களும் தப்புவதில்லை.

லேபிளில் 'சுகர்' வரியில் 0 என்று இருப்பது பொய் இல்லை. பாலியால்கள் அந்த வரியில் சேராது, மாவுச்சத்துக் கணக்கில்தான் வரும். ஆனால் மால்டிட்டாலில் கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரி உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். 'நெட் கார்ப்' (கழித்தது போக மீதி மாவுச்சத்து) என்று பாலியாலை முழுவதும் கழித்துக் காட்டும் புரோட்டீன் பார்களை, சர்க்கரை நோயும் உள்ளவர்கள் நம்பவே கூடாது.

பார்க்க வேண்டிய எண்கள்: சார்பிட்டால் 420, மானிட்டால் 421, ஐசோமால்ட் 953, மால்டிட்டால் 965, லாக்டிட்டால் 966, சைலிட்டால் 967. எரித்ரிட்டால் 968, இதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் தொந்தரவு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டீவியா, சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டிகள் பாலியால் அல்ல. இருந்தாலும் ஸ்டீவியா பாக்கெட்டில் அளவு கூட்ட எரித்ரிட்டால் கலப்பது சாதாரணம், பின்பக்கம் படியுங்கள்.

பாலியால் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை இந்தியாவில் லேபிளில் அச்சிட்டே ஆக வேண்டும். அந்தப் பெட்டியில் அது இல்லை. தட்டிலிருந்து எடை போட்டுத் தரும் 'சுகர் ஃப்ரீ' லட்டு, பர்ஃபி என்றால் படிக்க லேபிளே கிடையாது. எதில் இனிப்பூட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

மருந்திலும் இது ஒளிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சப்பிச் சாப்பிடும் வைட்டமின், சிரப் என்று மாற்றித் தருவார்கள். பலவற்றில் சார்பிட்டால் உண்டு. காரணம் புரியாத பேதி என்றால் முதலில் அந்தப் பாட்டில்களைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் மாற்றுக் கேளுங்கள்.

புதிதாக ஒன்றைச் சாப்பிட டயட்டீஷியன் அனுமதித்தால், கால் துண்டு போதும், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு நாள் பொறுத்துப் பார்க்காமல் இரண்டாவது புதுப் பொருளைத் தொடாதீர்கள். பேதியானால் தண்ணீரைச் சிறு சிறு மடக்காகத் தொடருங்கள். காய்ச்சல், குறையாத வயிற்றுவலி, வேகமான நாடித்துடிப்பு, தண்ணீரும் தங்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் சாக்லேட்டின் மேல் பழிபோட்டு வீட்டில் இருக்காதீர்கள். தையல் கசிவும் குடல் சிக்கலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏமாந்தவர்கள் மேலுறையையும் பில்லையும் எறிய வேண்டாம். மூடி, அடிப்பக்கம், பேட்ச் எண் மூன்றையும் போட்டோ எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். எச்சரிக்கை வாசகம் அச்சிடவில்லை என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.