நெஞ்சில் அடிபட்டவருக்கு ஐ-ஸ்டாட் 1: சிஜி4+ கார்ட்ரிட்ஜ் எவ்வளவு உதவும்?

படுக்கையருகே வைத்தே ரத்த வாயு பார்க்கும் கருவிகளில் அபாட் நிறுவனத்தின் ஐ-ஸ்டாட் 1 பழையதுதான். ஆனாலும் நெஞ்சுக்காய நோயாளிக்கு இன்னமும் நன்றாகவே கைகொடுக்கிறது. காரணம் அதில் செருகும் சிஜி4+ கார்ட்ரிட்ஜ், அதாவது ரத்தச் சொட்டை ஏற்கும் ஒருமுறைப் பரிசோதனைத் தகடு. 95 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு மூன்று சொட்டு ரத்தம் போதும். சுமார் 2 நிமிடத்தில் பிஎச் (குறைந்தால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது), கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், ஆக்சிஜன் அழுத்தம், லாக்டேட் (ஆக்சிஜன் போதாத திசுக்களில் கூடும் பொருள்) நான்கையும் அளந்து, பைகார்பனேட்டையும் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம்) பேஸ் எக்ஸஸையும் (ரத்தத்தில் காரம் எவ்வளவு கூடுதல், குறைவு என்பது) கணக்கிட்டுத் தந்துவிடுகிறது.

கார்பன் டை ஆக்சைடும் லாக்டேட்டும் சேர்ந்து கிடைப்பதைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும். விலா எலும்பு முறிந்தவர் வலியால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அதன் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் ஏறினால் பிஎச் சுமார் 0.08 இறங்கும். சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து முழுதாக ஈடுகட்ட 3 முதல் 5 நாள் ஆகும். முதல் சில மணி நேரத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. கூடவே மார்புக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் லாக்டேட் ஏறும், அந்த அமிலத்தைச் சமன்செய்யப் பைகார்பனேட் செலவாகும். நுரையீரல் நன்றாக இருப்பவர் மூச்சை வேகப்படுத்திச் சமாளிப்பார். விலாக்கூடு உடைந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

திரையில் பைகார்பனேட் 14, கார்பன் டை ஆக்சைடு 40 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். 40 நார்மல்தானே என்று விட்டால் ஆபத்து. 14-ஐ 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டினால் 29. 2 கூடலாம், குறையலாம். இந்தப் பைகார்பனேட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு இருக்க வேண்டிய அளவு அதுதான். 29 இருந்தால் பிஎச் 7.31-இல் நின்றிருக்கும், 40 இருப்பதால் 7.17. மூச்சு தோற்கிறது என்று பொருள். வலியைக் குறைப்பதா, மார்பில் தேங்கிய ரத்தத்தையோ காற்றையோ வெளியேற்றும் மார்புக் குழாய் போடுவதா, வென்டிலேட்டரா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். இந்த நிலையில் சோடா பைகார்ப் ஏற்றினால் வெளியேற்ற வேண்டிய கார்பன் டை ஆக்சைடுதான் கூடும்.

அளவு தப்புவது பெரும்பாலும் சிரிஞ்சில். காற்றுக்குமிழி இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைவாகக் காட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவ ஹெப்பாரின் அதிகமானாலும் அப்படித்தான். உலர் ஹெப்பாரின் சிரிஞ்சே நல்லது. எடுத்ததும் உருட்டிக் கலந்து, முதல் சில சொட்டுகளை வெளியே தள்ளி, கார்ட்ரிட்ஜைக் குறி வரை மட்டும் நிரப்பி மூடவும். மாதிரியை வைத்திருந்தால் ரத்த அணுக்களே லாக்டேட்டை ஏற்றிவிடும், ஆகவே உடனே போட வேண்டும். கருவி சமதளத்தில் ஆடாமல் இருக்கட்டும்.

நம் ஊருக்கு உண்மையான இடைஞ்சல் வெப்பம். 16 முதல் 30 டிகிரிக்குள்தான் கருவி வேலை செய்யும். ஏசி இல்லாத ஆம்புலன்ஸில் சித்திரை வெயிலுக்கு அது நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை 2 முதல் 8 டிகிரியில் வைக்கவும். வெளியே எடுத்த ஒன்றை 5 நிமிடம் அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பயன்படுத்தலாம். திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது.

சிஜி4+ குளோரைடு பார்ப்பதில்லை. நார்மல் சலைன் நிறைய ஏற்றிய பிறகு லாக்டேட் இறங்கியும் பேஸ் எக்ஸஸ் மோசமானால், ரத்தக்கசிவு தொடர்கிறதா என்று பார்ப்பதோடு, சலைனின் குளோரைடையும் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் குளோரைடையும் அளக்கும் கெம்8+ கார்ட்ரிட்ஜ் சிலவற்றையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.